19 வருஷம் கழிச்சு ஊர் கோல்ஃப் மைதானத்துல: துருப்பிடிச்ச ஸ்விங்கை (மட்டை வீச்சை) எங்கேருந்து சரிபண்றது?

#1 நானுஓயாக்காரன் (இழை தொடங்கியவர்), ஜனவரி 6

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

நான் பொறந்தது இலங்கை மலையகத்துல, நானுஓயாவுக்குக் கீழ ஒரு தேயிலைத் தோட்டத்துல. அம்மா கொழுந்து எடுத்தாங்க. 13 வயசுல இருந்து பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் நுவரெலியா கோல்ஃப் மைதானத்துக்கு ஆட்டக்காரங்களோட மட்டைப் பை தூக்கப் போவேன். விளையாட்டைக் கத்துக்கிட்டது அங்கதான். யாரும் நிக்க வெச்சுச் சொல்லிக்கொடுக்கல, பின்னால நின்னு பார்த்ததுதான் பாடம். சாயங்காலம் லயத்துக்கு மேல கவ்வாத்து வெட்டின மலையில வளைஞ்ச தேயிலைக் கம்பு ஒண்ணைப் பொறுக்கி, ஓடையில கிடைச்ச பந்தை வெச்சு அடிப்போம். பிறகு ஒருத்தர் பழைய அயர்ன் (இரும்புத் தலை மட்டை) நாலு கொடுத்தாரு. 25 வயசுல நல்லா விளையாடற நாள்ல 18 குழியையும் 82, 83 அடியில முடிச்சிருக்கேன். அடி குறையக் குறைய நல்லது.

27-ல ஊரை விட்டுப் போனேன். கொழும்பு, அப்புறம் வளைகுடா, கணக்கு வேலை. 17 வருஷம் கிளப்பை (மட்டையை) தொடவே இல்ல. கடைசி ரெண்டு வருஷம் மட்டும் அங்க ஒரு பயிற்சி இடத்துல வெள்ளிக்கிழமை போய் செயற்கைப் பாயில வெச்சு ஒரு கூடை பந்து அடிச்சேன். பந்து இடது பக்கம் கிளம்பி வலது பக்கமா வளைஞ்சு போகும். ஆனா மட்டையில படுற சத்தம் நல்லா இருந்துச்சு. அங்க இருந்த பயிற்சியாளர் "தலையை மட்டும் அசைக்காதீங்க, மத்தது தானா வரும்"னு சொன்னாரு. அதையே பிடிச்சுக்கிட்டேன்.

இப்ப 46 வயசு. ஊருக்கே வந்துட்டேன். போன ஞாயிறு முதல் தடவையா நம்ம மைதானத்துல காசு கட்டி, ஆட்டக்காரனா இறங்கினேன். மனசு எப்படி இருந்துச்சுன்னு இங்க எழுத முடியல. ஆனா ஆட்டம்? பந்துக்கு நாலு விரக்கடை பின்னால மண்ணை வெட்டுறேன். அஞ்சுல மூணு அடி அப்படித்தான். விநோதம் என்னன்னா, வலது பக்க வளைவு குறைஞ்சிருக்கு. அப்ப அது சரியாகிடுச்சுன்னு வெச்சுக்கலாமா? மண் வெட்டுறதை மட்டும் சரிபண்ணாப் போதுமா?

வெறியில தினமும் 200, 300 பந்து அடிக்கிறேன். வலது முழங்கை உள்பக்கம் வலிக்க ஆரம்பிச்சிருக்கு.

#2 நேர்கோடு, ஜனவரி 6

நண்பரே, பழைய ஸ்விங்கை மறந்துவிடுங்கள். பார்த்துக் கற்றது எல்லாம் பிழையாகத்தான் இருக்கும். பிடி, நிற்கும் விதம், பின்னால் தூக்குவது என்று ஒவ்வொன்றாக முதலிலிருந்து கட்டுங்கள். ஆறு மாதம் ஆகும். கிளப்பும் 25 வருஷப் பழசு என்றால் மாற்றுங்கள். இன்றைய அயர்ன்கள் மன்னிக்கும் குணம் உள்ளவை, கொஞ்சம் பிசகி அடித்தாலும் பந்து போகும். நான் 40 வயதில் தொடங்கி அப்படித்தான் செய்தேன், பலன் கிடைத்தது.

#3 பனிப்பூ, ஜனவரி 6

அண்ணா, நான் தலவாக்கலை. 19 வயசு. போன வருஷம்தான் கத்துக்க ஆரம்பிச்சேன். எனக்கும் மண்தான் அதிகம் பறக்குது. இந்த இழையைப் பின்தொடர்றேன்.

#4 கண்டி வாத்தி, ஜனவரி 7

நானுஓயாக்காரன், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பதில் அதிலேயே இருக்கிறது. நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் வளைவு. அது சரியாகவில்லை. மலை அதை மறைக்கிறது. நுவரெலியா 6,128 அடி உயரம். காற்று அடர்த்தி குறைவு. சுழலும் பந்தை வளைப்பது காற்றுதான், காற்று மெலிந்தால் வளைவும் மெலியும். அதே காரணத்தால் பந்து தூரமும் போகும். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 1 சதவீதத்துக்குச் சற்றுக் கூட என்பது நடைமுறைக் கணக்கு. கடல் மட்டத்தில் 150 யார் (கஜம்) போகிற அடி அங்கே 160-ஐத் தொடும். காலைக் குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும், அது வேறு. ஆக, வளைகுடாவில் அடித்த அதே அடியை, ஏன் அதைவிட மோசமான அடியைக்கூட நீங்கள் இங்கே நேராகவும் தூரமாகவும் பார்க்கிறீர்கள். தூரத்தை வைத்து உங்கள் ஸ்விங்கை மதிப்பிடாதீர்கள்.

இரண்டாவது, சத்தம். செயற்கைப் பாயில் அடிக்கும்போது கிளப் பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் இறங்கினாலும் பாயில் வழுக்கிப் போய்ப் பந்தில் மோதிவிடும். சத்தமும் வரும், பந்தும் பறக்கும். புல்லில் அந்தச் சலுகை இல்லை. நீங்கள் மண் வெட்டத் தொடங்கியது போன ஞாயிறு அல்ல. இரண்டு வருடமாக வெட்டிக்கொண்டிருந்தீர்கள், பாய் உங்களுக்குச் சொல்லவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். மண் வெட்டுவதும் வலப்பக்க வளைவும் இரண்டு நோய் அல்ல, ஒரே நோய். வீட்டில் ஒரு சைக்கிள் ரிம் இருந்தால் எடுத்து உங்கள் பக்கமாகச் சாய்த்து நிலத்தில் ஊன்றுங்கள். அதுதான் ஸ்விங்கின் வட்டம். நிலத்தைத் தொடும் இடம் அதன் அடிப்புள்ளி. அந்தப் புள்ளிக்கு முன் வளையம் கீழ்நோக்கியும் உங்களை விட்டு வெளிநோக்கியும் வருகிறது. புள்ளியைத் தாண்டினால் மேல்நோக்கியும் உங்கள் பக்கமாக உள்நோக்கியும் போகிறது. இப்போது பந்தை அடிப்புள்ளிக்கு முன்னால், இலக்குப் பக்கமாக, நாலு விரக்கடை தள்ளி வையுங்கள். கிளப் முதலில் மண்ணைத் தொடும், பந்தை அடையும் நேரத்தில் உள்நோக்கி, அதாவது இடப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, அந்தப் பாதையை விட வலப்பக்கம் பார்த்தால் பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளையும். நீங்கள் சொன்ன அதே வளைவு.

பந்து கிளம்பும் திசையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கிளப் முகம். வளைவைத் தீர்மானிப்பது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம். பழைய ஆட்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள், பல புத்தகங்களிலும் அப்படியே இருந்தது. ராடார் வைத்து அளக்கத் தொடங்கிய பிறகுதான் தெளிந்தது.

எனவே கேள்வி ஒன்றே ஒன்று: உங்கள் அடிப்புள்ளி ஏன் பின்னால் போயிற்று?

#5 நேர்கோடு, ஜனவரி 7

விளக்கம் நன்று. ஆனால் மருந்து? நான் சொன்னதுதான், முதலிலிருந்து கட்ட வேண்டும்.

#6 இயன்முறை, ஜனவரி 8

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப பேராதனையில இயன்மருத்துவரா வேலை செய்யிறன். கோல்ஃப் விளையாடுறேல்ல, ஆனா விளையாடி நோவோட வாற ஆக்களைப் பார்க்கிறனான்.

அண்ணை, ஸ்விங்கைப் பற்றிக் கதைக்க முந்தி அந்த முழங்கையைக் கவனியுங்கோ. உள்பக்க எலும்பு முண்டில நோகுது, எதையாவது இறுக்கிப் பிடிச்சா கூடுது எண்டால் அது மணிக்கட்டை மடிக்கிற தசைநார் தொடங்கிற இடம். நாளுக்கு 300 பந்து 46 வயசில ஆருக்கும் கூட. ரெண்டு வருசம் பாயில அடிச்சதும் சேர்ந்திருக்கும், ஏனெண்டால் பாய்க்குக் கீழ சீமெந்து. ஒவ்வொரு பிழையான அடியின்ர அதிர்ச்சியும் கையிலதான் இறங்கும்.

ரெண்டு கிழமைக்கு முழு வேகத்தில அடிக்கிறதை நிப்பாட்டுங்கோ. பிறகும் நாளுக்கு 40 பந்துக்கு மேல வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு சுத்தியலை அடிநுனியில பிடிச்சு, முன்கையை மேசையில வைச்சு, மெதுவா ரெண்டு பக்கமும் சரிச்சு எடுங்கோ. 10 தரம், மூன்று முறை. இறக்கிறது மெதுவா இருக்க வேணும். மோதிர விரலும் சின்ன விரலும் விறைக்கத் தொடங்கினால் அது நரம்பு, வைத்தியரிட்ட போங்கோ, பிந்த வேண்டாம்.

இன்னொண்டு. நுவரெலியாக் குளிரில காருக்கால இறங்கின உடன முழு ஸ்விங் வேண்டாம். 10 நிமிசம் நடந்து, இடுப்பையும் நெஞ்சையும் திருப்பித் திருப்பிச் சூடாக்குங்கோ. அசையாம நிண்டு இழுக்கிற பயிற்சி அந்த நேரத்துக்குச் சரிவராது.

ஒரு கேள்வி: கிளப்பின்ர பிடி எப்பிடி இருக்கு? இறப்பர் இறுகிப் போச்சோ?

#7 நானுஓயாக்காரன், ஜனவரி 8

அக்கா, எப்படித் தெரியும் உங்களுக்கு? 19 வருஷம் கட்டிலுக்கு அடியில கிடந்த அயர்ன். கம்பியில துரு, பிடி கண்ணாடி மாதிரி வழவழன்னு. வழுக்குதுன்னு இறுக்கித்தான் பிடிக்கிறேன். அங்க வாங்கின செட்டை வித்துட்டு வந்தேன், இது அந்தப் பழைய நாலுதான்.

சேர், ரிம்மை வெச்சுப் பார்த்தேன். அரைமணி நேரம் முற்றத்துலயே உக்கார்ந்திருந்தேன். எல்லாம் புரிஞ்சிருச்சு. ஆனா கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல.

#8 பைதூக்கி, ஜனவரி 9

தம்பி, நான் 31 வருஷம் பை தூக்கினவன். இப்ப முட்டி ஒத்துழைக்கல, வீட்டுல இருக்கேன். பேரன்தான் இதை டைப் அடிக்கிறான்.

பிடியை முதல்ல பாரு. சுடுதண்ணியில சவர்க்காரம் போட்டுப் பழைய பல் தூரிகையால நல்லாத் தேய். பாதி உயிர் வந்துரும். வரலைன்னா புதுப் பிடி போட்டுக்க. பழசைக் கத்தியால கீறி உரிச்சுட்டு, ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பைச் சுத்தி, டர்பன்டைன் ஊத்தி வழுக்கி ஏத்தினா முடிஞ்சுது. ஒரு ராத்திரி காயணும். புதுக் கிளப்புக்குக் காசு செலவழிக்காத. கம்பித் துருவை இரும்பு நாரால தேச்சா போயிரும்.

இப்ப வாத்தியார் கேட்டதுக்கு வாரேன். அடிப்புள்ளி எங்க போச்சுன்னு கண்டுபிடிக்க கேமரா வேணாம், மெஷினும் வேணாம். காலையில வெயில் விழுறதுக்கு முன்னாடி மைதானத்துக்குப் போ. புல்லு மேல பனி வெள்ளையாக் கிடக்கும். கிளப்பை எடு, பந்து வேணாம். நின்னு, ஒரு தடவை வீசு. வீசி முடிச்ச நிலையில மூணு எண்ணு. அப்புறம் காலை இழுக்காம, தூக்கி வெளிய வை. குனிஞ்சு உன் தடத்தைப் பாரு.

சரியா அடிச்சவனோட இடது தடம், அதான் இலக்குப் பக்கத்து முன்கால், குதிக்கால்லயும் வெளி ஓரத்துலயும் நல்லா அழுந்தி, பச்சையா, ஈரமாத் தெரியும். வலது தடத்துல குதிக்கால் இருந்த இடத்துல லேசா ஒரு அழுத்தம், பெருவிரல் இருந்த இடத்துல மட்டும் ஒரு சின்னத் திருகல், ஆணியைத் திருகின மாதிரி. பின்னால சாயறவனோட தடம் வேற மாதிரி இருக்கும். வலது பாதம் முழுசா அழுந்தி, குதிக்கால் பின்பக்கமாத் தள்ளிப் புல்லைச் சீவியிருக்கும். இடது பாதம் விரல் பக்கம் தூக்கித் திரும்பியிருக்கும்.

பந்து எங்க போச்சுன்னு பார்க்க முடியாத மூடுபனியில நாங்க தடத்தைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் தேடணும்னு நடப்போம். தடம் பொய் சொன்னதில்ல.

பார்த்துட்டு வந்து எழுது.

#9 கண்டி வாத்தி, ஜனவரி 9

ஐயா, இத்தனை வருடம் விளையாடுகிறேன், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கண்டிப் பக்கம் ராஜவெல்ல மைதானத்தில் எங்களுக்கு அவ்வளவு பனி விழாது, ஆனால் மழைக்குப் பிறகு மணல் குழியில் நின்று பார்க்கப் போகிறேன்.

#10 நானுஓயாக்காரன், ஜனவரி 12

இன்னைக்குக் காலை 6.20. பீதுருதலாகலை மலை உச்சி மட்டும் வெளுத்திருந்துச்சு, கீழ இருட்டு விலகாத நேரம். விரல் விறைச்சுப் போச்சு. அக்கா சொன்ன மாதிரி 10 நிமிஷம் நடந்தேன்.

ஏழு தடவை வீசினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு அடி தள்ளி நின்னு, புதுப் பனியில. போன்ல படம் எடுத்தேன். ஏழுலயும் ஒரே தடம். வலது பாதம் முழு அச்சு, ஷூவோட அடிக்கட்டையில இருக்கிற புள்ளி எல்லாம் எண்ணலாம். குதிக்கால் ரெண்டு விரக்கடை பின்னால சறுக்கி, புல்லு ஒரே பக்கமா மடிஞ்சு கிடக்கு. இடது பாதத்துல விரல் பக்கம் பனி அப்படியே வெள்ளையா இருந்துச்சு, தொடவே இல்ல.

ஐயா, நான் அடிக்கும்போது இலக்கை விட்டுப் பின்னால விழுந்துக்கிட்டிருக்கேன். 19 வருஷமா என்னை விட்டுப் போனது கையில இல்ல, காலுல.

அந்தத் தடத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கும்போது அம்மா ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுல கூடையோட மலையில ஏறும்போது சொல்வாங்க: "மேட்டுக்கால மடக்கு, பள்ளத்துக்கால ஊணு." கொழுந்து எடுக்கிறவங்க நாள் முழுக்கச் சரிவுல நிக்கிறது அப்படித்தான். கொழும்புத் தரையில, ஒபிஸ் நாற்காலியில நான் அதை மறந்திருக்கேன்.

#11 நேர்கோடு, ஜனவரி 12

படத்தைப் பார்த்தேன். ஐயா சொன்னது சரியாகப் பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. எடையை முன்காலுக்கு மாற்று என்று சொன்னால் பலர் உடம்பையே இடப்பக்கம் தள்ளிவிடுவார்கள். தலையும் சேர்ந்து போகும். நானும் அதில் விழுந்து ஒரு வருடம் கஷ்டப்பட்டேன். தலையை நிலையாக வைத்திருப்பது அதற்குத்தான்.

#12 கண்டி வாத்தி, ஜனவரி 13

நேர்கோடு சொல்லும் ஆபத்து உண்மை. ஆனால் நானுஓயாக்காரனைக் கெடுத்ததே அந்தத் தலை அறிவுரைதான் என்று நினைக்கிறேன். தலையை ஆணி அடித்தது போல வைத்தால் பின்னால் தூக்கும்போது உடம்பு திரும்ப இடமில்லை, முதுகு இலக்குப் பக்கம் சாயும், எடை இடது காலில் ஏறும். இறங்கி வரும்போது அதற்கு எதிராகப் பின்னால் விழும். எல்லாம் தலைகீழ். தலை ஒரு அங்குலம் நகர்ந்தால் ஒன்றும் குடிமுழுகாது.

எடை என்று சொல்லாமல் அழுத்தம் என்று சொல்லுங்கள். உடம்பு பெரிதாக நகராமலே பாதத்தின் அழுத்தம் மாறலாம். குளிர்சாதனப் பெட்டியின் கனமான கதவைத் திறக்கும்போது கால் தரையை எப்படி உந்துகிறது என்று கவனியுங்கள், உடம்பு எங்கும் போகவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் இடது காலை அழுத்தத் தொடங்குவது கைகள் பின்னால் போய் முடிவதற்குள்ளேயே. கை இறங்கத் தொடங்கிய பிறகு அழுத்த நினைத்தால் பிந்திவிடும். பேருந்து கிளம்பிய பிறகு ஓடுவது போல.

#13 பைதூக்கி, ஜனவரி 13

ரெண்டு பேரு சொல்றதும் சரி. ஆனா தம்பி இதெல்லாம் நினைச்சுக்கிட்டு அடிக்க முடியாது. உடம்பு தானாச் செய்யற இடத்துல போய் நில்லு.

எறக்கத்துல நின்னு அடி. பெரிய எறக்கம் வேணாம், இடது கால் ஒரு சாண் தாழ்ந்திருந்தாப் போதும். தோளையும் அந்தச் சரிவுக்கு ஏத்த மாதிரி சாய்ச்சுக்க. பந்தைக் கொஞ்சம் வலது பக்கமா வை. எட்டாம் நம்பர் அயர்னோ ஒன்பதாம் நம்பரோ எடு, நம்பர் கூடக் கூடத் தூரம் குறையும். கை இடுப்பு உயரம் வரைக்கும் போயி, இடுப்பு உயரத்துல முடியணும். அங்க பின்னால விழ நினைச்சாலும் முடியாது, மண்ணு உன்னைக் கேட்டுரும். அடிச்சுட்டு அப்படியே வலது காலை எடுத்து முன்னால வெச்சு எறக்கத்துல நடந்து போ. நடக்க முடிஞ்சா சரியா அடிச்சிருக்க.

#14 நானுஓயாக்காரன், பெப்ரவரி 2

மூணு வாரம் ஒண்ணும் எழுதல, செஞ்சுக்கிட்டிருந்தேன்.

முதல் ரெண்டு வாரம் பந்தே இல்ல. சுத்தியல் பயிற்சி, பனியில தடம். பிடி நாலையும் புதுசாப் போட்டேன். டர்பன்டைன் வாசனை வீடெல்லாம். புதுப் பிடியைத் தொட்டவுடனே கை தானாத் தளர்ந்துச்சு. முழங்கை வலி பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு.

மூணாவது வாரத்துல இருந்து தோட்டத்துப் பழைய விளையாட்டுத்திடல் ஓரத்துச் சரிவு. தரையில சுண்ணாம்புல ஒரு கோடு போட்டேன், அடிக்கிற திசைக்குக் குறுக்கால. பந்தைக் கோட்டு மேல வெச்சு அடிச்சா, மண் பேர்ற இடம் கோட்டுக்கு முன்பக்கமா, இலக்குப் பக்கம் இருக்கணும். முதல் நாள் 20-ல 6. நேத்து 20-ல 13. அரை ஸ்விங்தான். ஆனா அந்த 13-ல ஒவ்வொண்ணும் கையில வேற மாதிரித் தெரியுது. பந்து மட்டையில ஒட்டி விலகற மாதிரி, அதுக்கப்புறம் மண்ணு.

நேர்கோடு அண்ணே, முதலிலிருந்து கட்டணும்னு சொன்னீங்க. யோசிச்சுப் பார்த்தேன். நான் பிடிக்கிற விதம், என் கை போற பாதை, எதையும் மாத்தல. காலைத் திருப்பினதும் மீதி எல்லாம் பழைய இடத்துக்குத் தானா வருது. எல்லாருக்கும் அப்படி இருக்காது. ஆனா ஒரு காலத்துல ஆடினவனுக்கு உள்ள ஏதோ மிச்சம் இருக்கும்போல.

#15 நேர்கோடு, பெப்ரவரி 2

உங்கள் விஷயத்தில் நான் அவசரப்பட்டேன். 40-ல் தொடங்கியவனுக்கும் 13-ல் தொடங்கியவனுக்கும் ஒரே மருந்து இல்லை. அந்த எண்ணிக்கையைத் தொடர்ந்து எழுதுங்கள்.

#16 பனிப்பூ, பெப்ரவரி 3

எனக்கு ஒரு கேள்வி. நான் பழகுற இடம் சமதரையே இல்ல. பந்து காலை விட மேல இருந்தா எப்பவும் இடது பக்கம் போகுது. கீழ இருந்தா வலது பக்கம். நான் என்ன பிழை செய்றேன்?

#17 கண்டி வாத்தி, பெப்ரவரி 3

தங்கச்சி, நீங்கள் பிழையே செய்யவில்லை. பந்து காலை விட மேலே இருக்கும்போது கிளப்பின் நுனி மேலே நிமிர்கிறது. முகத்தில் சரிவு இருப்பதால், நிமிர்ந்த முகம் இடப்பக்கம் பார்க்கத் தொடங்கும். சரிவு கூடிய கிளப்பில், அதாவது ஒன்பதாம் நம்பர், வெட்ஜ் போன்றவற்றில், இது இன்னும் அதிகம். வலப்பக்கம் குறிவைத்து, பிடியைக் கொஞ்சம் கீழிறக்கிப் பிடியுங்கள். பந்து கீழே இருந்தால் எல்லாம் எதிர்மாறு, முழங்காலை மடக்கி அந்த உயரத்தைக் கடைசி வரை விடாதீர்கள். ஏற்றத்தில் பந்து உயர எழும்பும், தூரம் குறையும், ஒரு நம்பர் குறைந்த, இன்னும் தூரம் போகும் கிளப்பை எடுங்கள்.

சமதரையில் மட்டும் பழகியவர்கள் நுவரெலியா வந்து திணறுவது இதனால்தான். 6,000 யார் நீளத்துக்கும் குறைவான மைதானம்தானே என்று வருவார்கள். ஒடுக்கமான பாதை, இரண்டு பக்கமும் உயர்ந்த மரம், நடுவில் ஓடை, ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு சரிவு. 1889-ல் தொடங்கிய மைதானம். அன்று நிலத்தை வெட்டிச் சமப்படுத்தும் இயந்திரம் ஏது? மலை எப்படியோ அப்படியே புல்.

#18 பைதூக்கி, பெப்ரவரி 4

மகளே, நீ சரிவுல பழகுறதை நினைச்சு வருத்தப்படாத. அங்க பழகினவளுக்குச் சமதரை லேசு. எங்க காலத்துல பொம்பளைப் புள்ளைக பையும் தூக்கல, கிளப்பையும் தொடல. நீ அடிக்கிறன்னு படிக்கும்போது பேரன்கிட்ட ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். 2002 ஆசிய விளையாட்டுல, பூசான்ல, நம்ம நாட்டு அனுர ரோஹண தனிநபர் கோல்ஃப்ல வெள்ளி எடுத்தாரு. அந்தச் செய்தி வந்த அன்னைக்குப் பை தூக்கறவங்க நாங்க எல்லாம் ஒண்ணா நின்னு கை தட்டினோம். மலையில இருந்தும் ஒருத்தர் வரணும்.

#19 நானுஓயாக்காரன், பெப்ரவரி 19

கெட்ட வாரம். முழு ஸ்விங்குக்குப் போனேன், எல்லாம் கலைஞ்சுது. பந்து மட்டையோட கழுத்துல பட்டு வலது பக்கம் சீறிப் போகுது, தொடர்ந்து எட்டுப் பந்து. கோட்டுல 20-ல 5.

#20 பைதூக்கி, பெப்ரவரி 19

பனியில தடத்தைப் பாரு. எடை விரல் பக்கம் போயிருக்கும்.

#21 நானுஓயாக்காரன், பெப்ரவரி 20

ஐயா, அப்படியே இருந்துச்சு. ரெண்டு தடத்துலயும் விரல் பக்கம் குழி, குதிக்கால் லேசு. முன்காலுக்குப் போகணும்கிற அவசரத்துல பந்துப் பக்கமா விழுந்திருக்கேன். கிளப்பும் என்னோட சேர்ந்து வெளிய போனா கழுத்துல படாம என்ன செய்யும். குதிக்காலை உணர்ந்துக்கிட்டு மறுபடி அரை ஸ்விங். 20-ல 12.

#22 இயன்முறை, பெப்ரவரி 20

முழங்கை எப்பிடி, அண்ணை?

#23 நானுஓயாக்காரன், பெப்ரவரி 20

வலி இல்லக்கா. காலையில எழும்பும்போது கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். 40 பந்தைத் தாண்டல, சத்தியமா. சுத்தியலையும் விடல.

#24 நானுஓயாக்காரன், மார்ச் 15

நேத்து மறுபடி 18 குழி.

ஸ்கோர் 94. இருபத்தஞ்சு வயசுல இதுக்கு முகம் சுண்டியிருப்பேன். ஜனவரியில 113. ஆனா நான் எழுத வந்தது ஒரே ஒரு அடியைப் பத்தி.

பின் ஒன்பதுல ஒரு குழி. பந்து எறக்கத்துல கிடக்கு, இடது கால் தாழ்வு, பந்து காலை விடக் கொஞ்சம் மேல. கொடிக்கு 135 யார். நடுவுல ஓடை. எனக்குப் பை தூக்கினவன் 20 வயசுப் பையன், பக்கத்துத் தோட்டம். ஒண்ணும் பேசாம ஒன்பதாம் நம்பரை உருவி நீட்டினான். நான் எட்டுன்னு நினைச்சிருந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த வயசுல நானும் அப்படித்தான் நிப்பேன், சொல்லவும் மாட்டேன், மாத்தவும் மாட்டேன். ஒன்பதை வாங்கிக்கிட்டேன்.

கொடிக்குக் கொஞ்சம் வலது பக்கமாக் குறி வெச்சேன். தோளைச் சரிவுக்குச் சாய்ச்சேன். குதிக்காலை உணர்ந்தேன். பின்னால போகும்போதே இடது கால் தரையை உந்துறது தெரிஞ்சுது. அப்புறம் எதுவும் தெரியல. பந்து பட்டதே தெரியல, அவ்வளவு லேசு. கண்ணைத் தூக்கும்போது பந்து ஓடைக்கு மேல, சைப்பிரஸ் மரத்துக்கு முன்னால, கொஞ்சமா இடது பக்கம் சாய்ஞ்சு இறங்கிக்கிட்டிருந்துச்சு. கொடிக்குப் பக்கத்துல மூணு அடி. நான் அடிச்ச வேகத்துல வலது கால் தானா முன்னால வந்து, எறக்கத்துல ரெண்டு எட்டு நடந்துட்டேன்.

பையன் மண் பேர்ந்த இடத்துக்குப் போயி, பந்து இருந்த இடத்துக்கு முன்னால இருக்கிறதைப் பார்த்து, பேர்ந்த புல்லை எடுத்து வெச்சுக் காலால அழுத்தினான். "சேர், நீங்க முன்னாடி இங்க பை தூக்கினீங்களா?"ன்னு கேட்டான். எப்படித் தெரியும்னேன். "அடிச்சதும் பந்தைப் பார்க்காம முதல்ல காலைப் பார்த்தீங்க"ன்னான்.

ஐயா, உங்க முட்டி ஒத்துழைச்சா ஒரு நாள் வண்டி எடுத்துட்டு வாரேன். வந்து ஓரத்துல உக்காருங்க போதும். நான் வீசுறேன், நீங்க தடத்தைப் பாருங்க.

#25 பனிப்பூ, மார்ச் 15

அண்ணா, நானும் வரலாமா? என் தடத்தை யாரும் இன்னும் பார்த்ததில்ல.

#26 பைதூக்கி, மார்ச் 16

சனிக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. 6 மணிக்கு. ஏழரைக்கு வெயில் வந்துரும், அப்புறம் பனி நிக்காது.